மேற்குக் கடல் திறந்திருந்த மாதம்

இன்று காலை ஏலக்கூடத்தில், இரண்டு நாளாக யாரும் தொடாமல் கிடந்த ஐஸ் பெட்டி ஒன்றைத் திறந்தார்கள். ஐஸ் எப்போதோ உருகி, உள்ளே மீன் கூழாகியிருந்தது. அழுகின முட்டை நாற்றம். பெண்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் விலகவில்லை. இந்தக் காற்றைத்தான் என் புருஷனாகிய நீ கடைசியாக இழுத்தாய் என்று குஜராத் துறைமுகத்தில் சொன்னார்கள்.

நீ நல்லவனாக இருந்தாய் என்று எழுத மாட்டேன். கல்யாணமாகி வந்த புதிதிலேயே எனக்கு ஏரிக்காரி என்று பெயர் வைத்துவிட்டாய். எங்கள் சுண்ணாம்புக்குளம் பக்கம் ஏரித் தண்ணீரில் இறங்கி நின்று இறால் பிடிப்போம். உங்கள் குப்பம் கடலைப் பார்த்தது. "முட்டிக்கால் தண்ணில மீன் புடிக்கிற கூட்டம். அலைய பாத்துகிறியா நீ?" என்று உன் அம்மா முன்னாலேயே கேட்டாய். அத்தை சிரித்தாள். குஜராத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு உன் கடலே உனக்குச் சின்னதாகிவிட்டது.

சித்திரை, வைகாசியில் நம் பக்கம் விசைப்படகுக்குத் தடை. அந்தப் பக்கம் வைகாசி நடுவில்தான் மூடுவார்கள், அவர்களுடைய மழையை ஒட்டி. இடையில் மேற்குக் கடல் மட்டும் திறந்திருக்கும் ஒன்றரை மாதம் இருக்கிறதே, அதற்காகத்தான் காசிமேட்டுப் படகை விட்டுவிட்டு ரயில் ஏறுவாய். கரைக்கு வந்தால் போன் செய்து, ரயில் வழியில் பார்த்தது, அந்தக் கரையின் மழை, காற்று எல்லாம் சொல்வாய். பிள்ளை இல்லாத வீட்டில் நானும் அத்தையும் ஸ்பீக்கரில் கேட்போம்.

"இங்க கடலுக்கு அடில தரை ரொம்ப தூரம் மேடாவே போவுது. நம்ம பக்கம் கொஞ்சம் போனாலே பள்ளம். மீன் எங்க தங்கும் சொல்லு?"

இன்னொரு நாள் சொன்னாய்: "ஊருக்கு ஊரு ஒரு தொழில் கீது. ஆனா அந்த ஊர்க்காரன் அத செய்றதில்ல. சூரத்ல தறி ஓட்றவன் ஒரிசாக்காரன். நம்ம காட்டுப்பள்ளில வெல்டிங் வெக்கிறவன் பீகார்க்காரன். இங்க சேட்டு படகுல மீன் அள்றது நானு. உனக்கு இன்னா புரியப் போவுது, ஏரிக்காரி."

புரிந்தது. புரிந்தது என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சித்திரைக் கடைசியில் வேறு குரலில் போன் வந்தது. படகின் அடியில் இருக்கும் மீன் அறைக்குள் இறங்கினாய், ஏறவில்லை என்றார்கள். நானும் உன் தம்பியும் கிளம்பினோம். பஸ் ஏறும்போது அத்தை என் கையைப் பிடித்து, "எம் புள்ளைய எடுத்தாந்துடு" என்றாள். உன் முகத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் அவளுக்கு.

ரேணிகுண்டா தாண்டியதும் நீ சொன்ன பாறைகள் வந்தன. ராய்ச்சூர் பக்கம் நீ சொன்ன கரிசல், பருத்தி எடுத்துவிட்டு வெறுமனே வெடித்துக் கிடந்தது. சோலாப்பூர் தாண்டிக் கரும்பு. கரும்பு வெட்டப் போய்விட்டு ஊர் திரும்பும் குடும்பம் ஒன்று கழிவறை வாசலில் குழந்தைகளோடு படுத்திருந்தது. சூரத்தில் புகை. அப்புறம் ஒரு பச்சை இலை இல்லாத, உப்பு பூத்த நிலம். நீ சொன்னதில் ஒன்றாவது பொய்யாக இருக்கக் கூடாதா என்று சன்னலோரம் உட்கார்ந்து தேடினேன். நீ எங்கேயும் பொய் சொல்லியிருக்கவில்லை.

துறைமுகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முந்தின நாளே உன்னை எரித்திருந்தார்கள். துணி கட்டிய சின்னப் பானையைக் கொண்டுவந்தவர் ஸ்ரீகாகுளத்துக்காரர், உன்னோடு படகில் இருந்தவர். சேட்டின் கணக்கப்பிள்ளை பேசியது எனக்குப் புரியவில்லை. இவர் பேசிய தெலுங்கு, எங்கள் ஏரிக்கு அக்கரைப் பேச்சு, புரிந்தது. கோழித் தீவனத்துக்குப் போகும் கழிவு மீன், பல நாள் மூடியிருந்து விஷக்காற்று சேர்ந்த அறை. மூடியைத் திறந்த உடனே நீ இறங்கியிருக்கிறாய். உன்னைத் தூக்க இறங்கியவனையும் கயிறு போட்டுத்தான் இழுத்தார்களாம். ஆஸ்பத்திரியில் குளிர்பெட்டி ஓடவில்லை.

"இந்த வெயிலில் வைக்க முடியவில்லை அம்மா," என்றார்.

அவருக்குப் பின்னால் ஒரு லாரியில் மீன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு ஐஸ். எங்கே போகிறது என்று கேட்டேன்.

"சென்னைக்கு."

"அதுவரைக்கும் தாங்குமா?"

"தாங்கும் அம்மா. கெடாது."

படகு அன்றே திரும்பக் கடலுக்குப் போக வேண்டும். ஒரு ஆள் குறைவு. கணக்கப்பிள்ளை உன் தம்பியை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னார். தம்பி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஊருக்கு வந்து இன்னா பண்ணப் போறேன், அண்ணி? அங்க கடல் மூடித்தான கீது."

"அதே படகா?"

"அதே படகுதான்."

"அந்த ரூம்லயா நீயும் எறங்குவ?"

"கழுவிட்டாங்களாம், அண்ணி."

ரயிலில் வந்த லுங்கியோடே ஏறிப் போனான். நான் பானையை மடியில் வைத்துக்கொண்டு தனியாகத் திரும்பினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் இது என்ன என்று சைகையில் கேட்டாள். தெரிந்தால் பெட்டியை விட்டு இறக்கிவிடுவார்களோ என்று பயந்து, ஊறுகாய் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் தன் ரொட்டியைப் பிட்டு எனக்கும் கொடுத்தாள். வாங்கித் தின்றேன். பசித்தது.

வீட்டு வாசலில் அத்தை பானையைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். "ரெண்டு பேரு போனீங்களே" என்றாள்.

உன் தம்பி அந்த வருஷம் தடைக்காலம் முடிந்தும் வரவில்லை. இப்போது ஆண்டு முழுக்க அங்கேதான். போன் செய்வது குறைவு. உன்னைப் போல அவனுக்குச் சொல்லத் தெரியாது. அதனால் அந்தக் கரையைப் பற்றி அத்தை என்னிடம்தான் கேட்கிறாள். நான் கண்ணால் ஒரே ஒருநாள் பார்த்த, இனி மிதிக்கவே விரும்பாத ஒரு கரையின் மழையும் காற்றும் எனக்கு மனப்பாடம். நீ எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான்.

நேற்று சாயங்காலம் இங்கே ஐப்பசி மழை கொட்டியது. குப்பத்துக்குப் பின்னால் ஏரித் தண்ணீர் ரோட்டைத் தொட்டுவிட்டது. அத்தை கூரை ஒழுகும் இடத்தில் குண்டான் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அங்கயும் மழயா கீதா?"

"அங்க மழ முடிஞ்சிடுச்சி, அத்த. இப்ப கடல் நல்லா இருக்கும்."

"நல்லா இருந்தா?"

"போயிருப்பான்," என்றேன்.