ஆறு கண்ணாடிக் குப்பிகள்

இன்று ஃப்ரீசரைக் கழுவுவதற்காக ஐஸை உடைத்தபோது அடித்தட்டில் ஆறு கண்ணாடிக் குப்பிகள் கிடைத்தன. லேபிளில் இருந்தது என் கையெழுத்து. அப்போதே தூக்கி எறிந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். செத்த பிறகும் நீ என்னை விடுவதாக இல்லை.

பெங்களூரு பொம்மசந்திராவில் இதே ஆய்வகத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ அடுகோடிக்காரி, நான் ஆம்பூரிலிருந்து வந்தவள். எலியின் புராஸ்டேட் சுரப்பியில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, நூலில் கட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிடுவாய். லேசாக மின்சாரம் கொடுத்தால் அதிலுள்ள தசை சுருங்கும், திரையில் கோடு எழும்பும். நரம்புகள் சுரக்கும் பெப்டைடு என்ற குட்டிப் புரதம் ஒன்றைச் சில சொட்டு விட்டால் அந்தச் சுருக்கம் பாதியாக அடங்கும். நம் ஆய்வகத்தில் அதை முதலில் பார்த்தவள் நீ. அது எனக்குப் பொறுக்கவில்லை. இனி மறைத்து என்ன?

"பெப்டைடைக் கண்ணாடில ஊத்தாதடீ, சுவத்துல ஒட்டிக்கும். அப்புறம் வெறும் தண்ணிதான் மிஞ்சும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். உனக்குப் பெப்டைடைக் கலக்கிக் கொடுப்பது என் வேலை. நீ முடிவை மறுபடி சரிபார்த்த வாரத்தில் பிளாஸ்டிக் குழாய்கள் தீர்ந்துகொண்டிருந்தன. கேட்டு வாங்கச் சோம்பல். கண்ணாடியில் கலக்கி வைத்தேன். நீ திட்டுவாய் என்று, கடைசியில் மட்டும் பிளாஸ்டிக்கில் மாற்றிக் கொடுத்தேன். மூன்று நாள் எலிகளை அறுத்தாய். சுருக்கம் கொஞ்சமும் அடங்கவில்லை.

ஆய்வகத் தலைவர் சார் எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்டார். "போன மாசம் வந்தது இப்ப எங்கம்மா போச்சு? கிராஃபை நீயே வரைஞ்சியா?"

நீ என் பக்கம் திரும்பினாய். "நீ கலக்கினது சரிதானடீ? சொல்லு."

"சரியாத்தான் கலக்கினேன், சார்" என்று அவரைப் பார்த்தே சொன்னேன்.

அன்றே உன் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். பொய்யாக முடிவு காட்டினவள் என்ற பேச்சு உனக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வேறெந்த ஆய்வகமும் உன்னைச் சேர்க்கவில்லை. கார்மென்ட்ஸில் சட்டைகளின் தையலைச் சரிபார்க்கப் போனாய்.

அடுத்த மாதம் நான் பிளாஸ்டிக்கில் கலக்கினேன். சுருக்கம் அழகாக அடங்கியது. "அவ வரைஞ்சா, நீ செஞ்சு காட்டிட்டே" என்றார் சார். கட்டுரை என் பெயரில் வந்தது. நீ போன் செய்தாய். "ரிசல்ட் வந்துடுச்சாமே! அப்ப நான் பொய் சொல்லலைன்னு சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுடீ."

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை.

டெங்குவில் நீ போன செய்தி வந்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை அப்புறம்தான், அதுவும் நாலு பேர் பார்க்கிறார்களே என்று.

குப்பிகளை இன்று உடைத்துக் குப்பையில் போட்டேன். ஆனால் நீ சொன்னதை மட்டும் விடவில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், பெப்டைடைக் கண்ணாடியில் ஊற்றாதீர்கள் என்று. போன வாரம் சேர்ந்தவள், "இது யார் சொல்லிக்கொடுத்தது, மேடம்?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல, நானே கண்டுபிடிச்சது" என்றேன்.