வலது மேல் மூலை

அக்கா,

இன்று காலை மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் ஒட்டுப்பொட்டு உதிர்ந்து கீபோர்டின் மேல் விழுந்தது. வலது மேல் மூலையில் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன அதே மெரூன் பொட்டு. பசை காய்ந்து ஓரம் சுருண்டிருந்தது. பொட்டு வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இந்த வீட்டில் இருந்த ஒரே பொட்டு அதுதான். திரும்ப ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. விரல் நுனியில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

பனியன் கம்பெனியில் நீங்கள் சாம்பிள் செக்ஷனைப் பார்த்துக்கொண்டீர்கள். நான் டீசர்ட்டுகளில் அச்சடிக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் வரைபவள். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்த என் பேச்சைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். "ஏனுங் கண்ணு" என்று நீங்கள் ஆரம்பித்தால் எனக்கும் வரும். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், படங்களை வீட்டிலிருந்தே வரைந்து தரலாம் என்று கம்பெனியில் ஒத்துக்கொண்டார்கள். மேசை இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது. நல்ல மானிட்டர் வேண்டும். "நானும் வர்றனுங்க" என்று கடைக்குக் கூடவே வந்தீர்கள்.

அதற்கு முன்பே எனக்குள் ஒரு பயம் புகுந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனியில் துணி ஏற்றிப் போகும் தள்ளுவண்டிகள் என் வலது தோளில் இடித்தன. ரோட்டைக் கடக்கும்போது ஸ்கூட்டர்கள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து திடீரென்று முளைத்தன. திரையின் வலப்பக்கம் இருந்த கலர் பெட்டிகளை ஒவ்வொன்றாக இடப்பக்கம் நகர்த்திக்கொண்டேன். கைக்கு வசதி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் எங்கள் அப்பாவும் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் பார்வை. பிறகு அதுவும் இல்லை. என் குரல் வந்த திசை தெரியாமல் சுவரைப் பார்த்து அவர் பேசியதை நான் மறந்ததே இல்லை.

அந்தக் கடையில் சுவர் முழுக்க மானிட்டர்கள். "டிசைன் வேலைன்னா இந்த இருபத்திரண்டு இஞ்சு எடுத்துக்கோங்க. ஒரு பக்கம் படம், மறுபக்கம் கலரெல்லாம் திறந்து வெச்சுக்கலாம்" என்றார் கடைக்காரர். பழைய டப்பா மானிட்டரில்தான் நிறம் மாறாது என்று கேள்விப்பட்டிருந்தேன். கேட்டேன். "சைடுல இருந்து பார்த்தா கொஞ்சம் வெளுக்குமுங்க. நேரா உட்கார்ந்தா ஒன்னும் தெரியாது" என்றார். நீங்கள் கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துத் திரையோடு சேர்த்துப் பிடித்தீர்கள். "இது மெரூனுங்க. உங்க மானிட்டர்ல செங்கல்லு மாதிரி இருக்குது." அவர் பட்டன்களை அமுக்கி அமுக்கி, துணியும் திரையும் ஒன்றாகும்வரை விடவில்லை நீங்கள்.

பிறகு அவர் திரையை வெறும் வெள்ளையாக்கினார். "கருப்பா எங்கியாச்சும் புள்ளி இருக்குதான்னு பார்த்துக்குங்க. ஊட்டுக்குப் போனப்புறம் மாத்த முடியாது."

பார்த்தேன். வெள்ளை.

"மவுஸ் அம்பு எங்க போச்சு? எடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"மேலதாங்க சுத்திட்டிருக்குது."

நீங்கள் சிரித்தீர்கள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் தலையைத் திருப்பினேன். வலது மேல் மூலையில் அம்பு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கம்பெனியின் சின்னத் திரை இத்தனை நாள் மூடி வைத்திருந்ததை, அந்தப் பெரிய திரை எல்லார் முன்னாலும் விரித்துவிட்டது.

கடைக்காரர் வேறொன்றை எடுத்துவர உள்ளே போனதும் மவுஸை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். "நடுவுல மட்டும் பாருங் கண்ணு. அம்பு தெரியறப்பச் சொல்லுங்க." மேசையின் மேல் மவுஸ் இழுபடுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. "இப்பத் தெரியுது" என்று நான் சொன்னபோது உங்கள் கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை.

"எத்தன நாளா?"

"தெரியலக்கா."

"உங்க ஊட்டுக்காரருக்குத் தெரியுங்களா?"

"யாருக்கும் தெரியாதுக்கா. படம் வரையுறவளுக்குக் கண்ணு தெரியலைன்னா யாரு வேலை குடுப்பா? நீங்களும் சொல்லிராதிய."

அட்டைப் பெட்டியோடு வந்த கடைக்காரரிடம், "நாங்க பொறகு வர்றமுங்க" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தீர்கள்.

கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை நான் இரண்டு முறை தட்டிக் கழித்தேன். மூன்றாம் முறை நீங்களே பழைய பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றீர்கள். "பயமா இருக்குக்கா" என்றேன். "இருக்கட்டுங். அதையும் கூட்டிட்டே போலாம்" என்றீர்கள்.

அங்கே ஓர் இருட்டறை. ஒரு கண்ணைக் கட்டி, பெரிய கிண்ணம் மாதிரி இருந்த மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் எரியும் விளக்கையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையிலிருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். முதலில் அமுக்கினேன், அமுக்கினேன். பிறகு வெளிச்சம் வரவே இல்லை. மெஷின் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் காதில் விழுந்தது: டிக்... டிக்... ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் அது போடுகிற சின்னச் சத்தம். வெளிச்சங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. எனக்குத்தான் தெரியவில்லை. வெளிச்சம் தெரியாமலே அமுக்க ஆரம்பித்தேன். "சத்தத்துக்கு அமுக்காதீங்கம்மா, தெரிஞ்சா மட்டும்" என்றது ஒரு பெண் குரல். அன்றைக்கு அந்த இருட்டில் பயந்ததுபோல் என் வாழ்நாளில் வேறெப்போதும் நான் பயந்ததில்லை.

வெளியே வந்தபோது உங்கள் முந்தானை நுனி கசங்கி, வியர்வையில் நனைந்திருந்தது.

கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருப்பதாக டாக்டர் சொன்னார். "போன பார்வை திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். சொட்டு மருந்தை ஒரு நாளும் விடக் கூடாது." இத்தோடு நிற்குமா என்று கேட்டேன். "நிக்கலாம், மெதுவாப் போகவும் செய்யலாம். வருஷா வருஷம் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

திரும்பி வரும் பஸ்ஸில், "சின்ன மானிட்டரே வாங்கிக்கிடுதேன். அதுல எல்லாம் தெரியுது" என்றேன்.

"அதுல எல்லாம் தெரியறதில்லீங் கண்ணு. எது தெரியலைங்கறது தெரியறதில்ல. பெருசே வாங்குங்க. எங்க காணாமப் போவுதுன்னு தெனமும் தெரியட்டும்."

"உங்களுக்கென்னக்கா. உடம்புல ஒரு குறை கிடையாது."

அவிநாசி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

அன்று மாலையே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து இஞ்சு டேப்பை எடுத்து மேசையின் அகலத்தை அளந்தார். மறுநாள் இருபத்திரண்டு இஞ்சே வந்து இறங்கியது. பார்க்க வந்த நீங்கள், நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து அந்த மூலையில் ஒட்டினீர்கள். "வேலைக்கு நடுவால இதைத் தேடுங்க. தலை தானாத் திரும்பும்." அப்படித்தான் பழகினேன். தேடிக் கண்டுபிடிக்கிற ஒவ்வொரு முறையும், இன்றைக்கு இருக்கிறது என்று மனசு கொஞ்சம் இறங்கும். கண்ணைக் காரணம் சொல்லி நான் விட்ட வேலை ஒன்றுகூட இல்லை.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் வந்தீர்கள். என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் வரைந்து வைத்திருந்த கிளியைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்கும் ஒன்னு காட்டோணுமுங்க. கூட வர்றீங்களா?"

"என்னக்கா?"

"மார்ல ஒரு கட்டி. ரொம்ப நாளா இருக்குது. உங்களைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனப்பவே இருந்துச்சு."

அந்த பஸ் ஜன்னலும் நீங்கள் பார்த்துக்கொண்டே வந்த வெளியும் என் கண்முன் வந்து நின்றன.

"ஏங்க்கா சொல்லல?"

"பயந்தானுங். உங்க பயத்தைப் பார்த்துட்டு இருந்தா என்னோடது மறந்து போவுது."

போனோம். இந்த முறை வெளியே உட்கார்ந்து முந்தானையைக் கசக்கியது நான். அறுத்து எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச காலம் தேறினீர்கள். பிறகு அது முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்றார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போனீர்கள். கடைசியாக நான் வந்தபோது கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். உங்களால் எழுந்திருக்க முடியவில்லை. அப்போதும், "அந்தக் கோடியில நிக்கற காத்தாடி தெரியுதுங்களா கண்ணு?" என்று தூரத்துக் காற்றாலையைத்தான் கேட்டீர்கள். தெரிந்தது. சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். "எனக்கு ரொம்பப் பயமா இருக்குதுங்க" என்றீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் உங்கள் தம்பி போன் செய்தார்.

போன மாதம் பரிசோதனைக்குத் தனியாகப் போய்வந்தேன். அந்த இருட்டறையில் இந்த வருஷமும் ஒரு முறை சத்தத்துக்கு அமுக்கிவிட்டேன். போன வருஷம் இருந்த அளவே இருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த வருஷம் என்ன சொல்வார் என்று தெரியாது. தினமும் மருந்தைச் சொட்டிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிற கொஞ்ச நேரத்தில் அப்பா பார்த்துப் பேசிய சுவர் வந்துவிட்டுப் போகிறது. பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. முதல் முறை கண் ஆஸ்பத்திரி வாசலை விட்டு இறங்கியதிலிருந்து நீங்கள் என் வலப்பக்கமாகவே நடந்தீர்கள். ஏன் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சந்தில் இடம் இல்லாவிட்டால்கூடச் சுற்றி வந்து அந்தப் பக்கமே சேர்ந்துகொள்வீர்கள். இப்போது மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும்போது அவளை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் ஓர் ஆள் நடக்க இடம் விட்டே நடக்கிறேன். "ஏம்மா ரோட்டை விட்டு இவ்வளவு தள்ளி வர்றே?" என்று கேட்கிறாள்.

அக்கா வரட்டும் என்கிறேன்.