தொடக்க மதிப்பு பதினெட்டு

அன்பு மகளுக்கு,

இது உன் அப்பா தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், சிரிக்காதே. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் அம்மா, "ஆமை கூட இதுக்குள்ள ஊரைச் சுத்திட்டு வந்திருக்கும்" என்கிறாள். எனக்கோ ஒவ்வொரு வரி முடியும்போதும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் விஷயம் குமட்டுகிறது.

எத்தனை டிகிரிப் பாலுக்கு எந்திரம் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று எங்கள் பால் குளிரூட்டும் நிலையத்துக்கு நீ போட்டுக் கொடுத்த அட்டவணையால்தான் பால் கெட்டது, அதைக் குடித்த விடுதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள் என்று இங்கே பேச்சு. நீயும் விசாரணை அதிகாரிகளிடம் தப்பு உன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயாம். நான் நம்பவில்லை. நீ விட்டுப்போன நோட்டை எடுத்தேன். வகைக்கெழுச் சமன்பாடு. அந்த ஒரு சொல்லைத் தாண்டவே இரண்டு நாள் ஆயிற்று. கணக்கு எனக்கு எட்டவில்லை. ஓரத்தில் நீ எழுதியிருந்தது புரிந்தது: பால் எப்படிக் குளிரும் என்பதைத்தான் விதி சொல்லும், எந்தச் சூட்டிலிருந்து தொடங்கியது என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும். அந்தத் தொடக்க மதிப்பு பொய்யானால், விதி சரியாக இருந்தும் விடை பொய்.

அந்த ஆள் நான்தானே! தொட்டியில் பால் விழுந்ததும் டிகிரி பார்த்துக் கத்துவது என் வேலை. அன்று "பதினெட்டு" என்று கத்தினேன். மேற்பார்வையாளர் வழக்கம்போல், "பெருசு, ரேகைய வை, நான் நிரப்பிக்கிறேன்" என்றார். காலி வரியில் வைத்தேன். நேற்று அந்தப் பதிவேட்டைப் படித்தேன். பத்து. அதற்கு முந்தின நாளும் பத்து. மாதம் முழுக்கப் பத்து. பத்து என்று போட்டால் எந்திரம் சீக்கிரம் நிற்கும், மின்சாரம் மிச்சம். கடைந்தெடுத்த அயோக்கியத்தனம்! திரிந்த பாலைக் கையால் அள்ளிக் கொட்டியிருக்கிறேன், அது கூட இப்படி நாறவில்லை.

ஒவ்வொரு பத்துக்குப் பக்கத்திலும் என் ரேகை. அதைப் பார்த்துத்தானே வாயை மூடிக்கொண்டாய்? எனக்காக நீ சரியான கணக்கைத் தப்பு என்று சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமை விசாரணைக்குப் போகிறேன். பதினெட்டு என்று சொல்வேன். பார்க்காமல் ரேகை வைத்தது என் தப்பு, அதையும் சொல்வேன். வேலை போனால் போகட்டும்.

நீ எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள். "அப்பாவுக்கு வயசாச்சு, நெனப்பு தடுமாறுது" என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதே, தாயே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா