அலுமாரிக்குள் அம்ப்

இது யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து இங்கேயே மூடி எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். வீட்டுக்காரி, மேல்வீட்டு ஆன்ட்டி, சிங்களவர்; தமிழ் வாசிக்கத் தெரியாது. அவரிடமும் வேண்டாம்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

பின்னேரம் முழுக்க மழை. அம்பிட்டிய பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். சப்பாத்து காயவில்லை. இரண்டு கணக்கு மிச்சம்.

இரவு கிடார் வாசித்து ஒரு டேக், அதாவது பதிவு, எடுத்தேன். மறக்காமல் இருக்க:
– டியூப் லைட் எரிந்தால், கிடார் சத்தத்தைப் பெருக்கும் அம்ப் இரைகிறது. அணைத்துவிட்டு டோர்ச்.
– மைக்கை அம்ப்பின் நடுவுக்கு நேரே வைத்தால் காதைக் குத்தும். ஓரத்தில் என்றால் போர்வைக்குள் பேசுவது போல. நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி.
– மைக் ஸ்டாண்ட் இல்லை. பாடசாலை டையால் ஹேங்கரில் கட்டித் தொங்கவிட்டேன்.

அம்ப் சோற்றுப் பெட்டி அளவுதான். டோஹா போகும்போது மாமா விட்டுப்போனது, கிடாரும் அவருடையதே. சின்ன அம்ப்பை முழுக்கத் திருகினால்தான் அந்தக் கரகரப்பு வரும். அதனால் அலுமாரிக்குள் வைத்து, சுற்றிலும் போர்வை, கதவை இறுக்கிச் சாத்தினேன். சோதனை முடியும்வரை கிடார் பைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அவர் பாய் போட்டால் இடி விழுந்தாலும் எழும்பமாட்டார். அம்மா முன்னறையில் தைப்பார். மெஷின் சத்தத்தில் என் சத்தம் அவருக்குக் கேட்காது.

ஒக்டோபர் 8, புதன்

வெயில், பிறகு மழை. டேக்கை நஸ்ரினுக்கு அனுப்பியிருந்தேன். மடவளையிலிருந்து வரும் என் வகுப்புப் பிள்ளை. பாட்டுக்குக் குரல் அவள், கிடார் நான். இடைவேளையில் சொன்னாள்:

"கிடார் சோக்கா ஈக்கி புள்ள. பொறத்தால டக டக என்டு என்னா அது? ஒங்கட உம்மா தைக்கிறதா?"

"ஆமா."

"அதயும் உட்டுருவம். ட்ரம்ஸுக்கு ஆள் தேட வேணாம்."

சிரித்தோம். இன்றும் ஒரு டேக். விரல் நுனி எரிகிறது.

ஒக்டோபர் 9, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆன்ட்டி வாசலில். முகம் சரியில்லை.

"நங்கி, நைட்ல மெஷின் வேணாம். நம்ம அப்பாவுக்கு நித்திரை இல்ல. சுவருக்குள்ள வண்டு மாதிரி கத்துறது. மேல போறது, கீழ வாறது, நிக்கிறது, திரும்ப முதல்ல இருந்து."

அம்மாவிடம்தான் சொன்னார், அம்மாவைத்தான் நங்கி, தங்கச்சி, என்பார். நான் பக்கத்தில்.

அம்மா, "மெஷின் அப்புடிக் கத்தாதுங்களே" என்றார். பிறகு, "சரிங்க, இனி போடல" என்றார்.

மெஷின் திரும்ப முதலிலிருந்து தொடங்காது. பிழைத்தால் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து வாசிப்பது நான்.

அறைக்கு வந்து அலுமாரியின் பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். பலகை சுவரோடு ஒட்டியிருக்கிறது. அம்ப்பைப் போட்டு ஒரு கம்பியைத் தட்டினேன். சுவர் நடுங்கியது, பூனையின் வயிறு மாதிரி. அந்தச் சுவருக்கு நேர் மேலேதான் ஆன்ட்டியின் அப்பா, அந்தப் பெரியவரின் கட்டில். ஒளித்துவைத்த இடமே சத்தத்தை மேலே ஏற்றியிருக்கிறது.

ஒக்டோபர் 10, வெள்ளி

நேற்றிரவு மெஷின் இல்லை. அதனால் நானும் இல்லை. காலையில் ஆன்ட்டி படியில் நின்று கும்பிட்டார். "ராத்திரி நல்ல நித்திரை, நங்கி. பெரிய உதவி."

இனி அது மெஷின்தான் என்று முடிவாகிவிட்டது.

அம்மாவுக்குப் பகலில் கடை வேலை. இரவில்தான் தையல். தீபாவளிச் சட்டைகள் ஒரு மூட்டை, பாதி வெட்டியாகிவிட்டது. அப்பாவிடம் மெதுவாகச் சொல்வது கேட்டது:

"திங்கக்கெழம எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துர்றேன். இனிமே யாரு நம்மகிட்ட துணி குடுப்பா."

"என்னா செய்ய. இந்த வீட்டையும் விட்டா வேற வீடு யாரு குடுக்கப் போறா. நாம சத்தமில்லாம இருந்துக்குவோம்."

போன வீட்டிலும் அப்பா இதையேதான் சொன்னார்.

ஒக்டோபர் 11, சனி

தலையிடி. டியூஷன். நஸ்ரின் மெசேஜ்: "எங்க கடைசி டேக்?" பதில் போடவில்லை.

அம்மாவிடம் சொல்லப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "என்னாம்மா?" என்றார். "தண்ணி" என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இன்னொரு தடவை போனேன். அப்பா பக்கத்தில். திரும்பிவிட்டேன்.

அம்மா வெட்டிய துணிகளைப் பெயர் பெயராகக் கட்டி வைக்கிறார். கோபப்பட்டாலாவது பரவாயில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மழை இல்லை. திகனயில் சித்தியின் குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் மத்தியானம் போனார்கள், வர இரவாகும். நாளைக்குச் சோதனை என்று சொல்லி நான் இருந்துகொண்டேன். வாசலில் ஆன்ட்டி அம்மாவிடம், "பஸ் கவனம், நங்கி. ஞாயிறு கொஞ்சம்தான் ஓடுறது" என்றார். அதாவது, அம்மா வீட்டில் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

வாயால் சொல்ல வரவில்லை. கையால் சொல்லப் போகிறேன்.

இருட்டியதும் மெஷினுக்கு உறை போட்டு, வாசலுக்கு நேரே தெரியும்படி இழுத்து வைத்தேன். வயரைப் பிடுங்கி மேலே சுருட்டி வைத்தேன். அம்ப் அலுமாரிக்குள், அதே இடம். போர்வை இல்லை. முழுக்கத் திருகியாயிற்று. பெரியவர் பாவம். இன்று மட்டும்.

முதல் தடவை வாசித்தேன். மேலே ஒன்றுமில்லை.

இரண்டாவது தடவை நடுவில் பிழை. திரும்ப முதலிலிருந்து. மேலே கதிரை இழுபட்டது.

மூன்றாவது தடவை நிறுத்தாமல் கடைசிவரை. நன்றாகத்தான் வந்திருக்கிறது, நஸ்ரினுக்கு அனுப்பலாம்.

படியில் ஆன்ட்டியின் செருப்புச் சத்தம். மெதுவாகத்தான் இறங்குகிறார். அம்ப்பை அணைக்கவில்லை, இரைந்துகொண்டே இருக்கிறது. கிடாரையும் கழற்றவில்லை, கழுத்தில் மாட்டியபடியே கதவைத் திறப்பேன். சிங்களத்தில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்: அம்மா இல்லை ஆன்ட்டி, மெஷின் இல்லை, நான்தா

தட்டுகிறார்