டிவி போன வழி

மார்ச் 4

டிவி ஒரேயடியாகப் போய்விட்டது. பழைய சாமான்காரர் எப்படியோ மோப்பம் பிடித்து வாசலுக்கு வந்தார். தரவில்லை. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் இடம். ஒயரை எரித்துச் செம்பு எடுப்பார். அந்தப் புகையில் அத்தைக்கு இழுப்பு வந்துவிடும்.

டிவி வந்த அட்டைப்பெட்டியில், பழசானால் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று அச்சிட்டிருக்கிறது. போன் செய்தேன். "கண்டிப்பா மேடம், அது எங்க பொறுப்பு" என்றது ஒரு பெண் குரல். ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன்.

மார்ச் 9

கம்பெனி ஆள் வந்தார். கம்பெனி சட்டை, கம்பெனி தொப்பி. உள்ளே பழைய சாமான்காரர்.

"தம்பி, நீங்களா?"

"அன்னைக்கு நான் கேட்டேன், தரமாட்டேன்னீங்க. இன்னைக்குக் கம்பெனி கேக்குது. எடுக்கட்டுமா அக்கா?"

லாரி வந்து, பழசைப் பிரித்தெடுக்கும் ஆலைக்குக் கொண்டுபோகும் என்றார். சட்டையை நம்பிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாடு வரை சிரித்தார்.

மார்ச் 11

புகை. அத்தைக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி உட்காரவைத்தார்கள். அதைக் கழற்றி அவர் பேசியது ஒன்றே ஒன்று: "உன் பொட்டியைக் குடுத்து என் மூச்சை வாங்கிட்டு வந்திருக்கே."

வந்ததும் நேரே பின்பக்கம் போனேன். எங்கள் டிவியின் முதுகு மூடி மட்டும் கிடந்தது. அதில் நான் ஒட்டியிருந்த பிரார்த்தனைச் சீட்டு பாதி கருகியிருந்தது.

"லாரி எங்கே?"

"வரவே இல்ல அக்கா. எடுத்ததுக்கு ஒரு போட்டோ அனுப்பினாப் போதும்னுட்டாங்க. சட்டை மட்டும் குடுத்தாங்க." அவரும் இருமினார். "எரிச்சாத்தான் செம்பு. செம்பு வித்தாத்தான் வீட்டுல அடுப்பு."

மார்ச் 12

வேண்டிக்கொள்ள உட்கார்ந்தேன். யாரைத் திருத்தச் சொல்லி வேண்டுவது? சாமான்காரரையா, போனில் பேசிய பெண்ணையா — விலாசம் சரியாகத் தெரியாமல் எழுந்துவிட்டேன்.

மார்ச் 14

விலாசம் பில்லிலேயே இருந்தது. சாமான்காரர் இடத்தில் கிடந்ததில் அந்தக் கம்பெனி டிவிகளாகப் பொறுக்கி, அவர் வண்டியிலேயே ஏற்றி, வாங்கிய கடைக்கே போனோம். புது டிவிகளுக்கு எதிரே வரிசையாக இறக்கினார். "நான் வந்ததா மட்டும் காட்டிக்காதீங்க அக்கா" என்றார், கம்பெனி சட்டையோடு.

மேனேஜர் ஓடிவந்தார். "அம்மா, இது குப்பை போடற இடம் இல்ல."

"எங்க வீட்டுப் பின்பக்கமும் இல்லப்பா."

லாரி வரும்வரை நகர மாட்டேன் என்று சொல்லி, அவர்கள் சோபாவிலேயே மாலை ஜபத்தை முடித்தேன். நடுவில் ஒருவர் என்னிடம் டிவி விலை கேட்டார். மேனேஜர் மேலிடத்துக்குப் போன் மேல் போன் போட்டார். கடை சாத்தும்போது லாரி வந்தது.

மார்ச் 23

இன்று லாரி சாமான்காரர் இடத்துக்கே வந்தது. எரிக்காத ஒயருக்கும் எடைபோட்டுக் காசு கொடுத்தார்கள். ஆனால் வேறு கம்பெனிச் சரக்கைத் தொட மாட்டார்களாம். நேற்று ஒரு பிரிட்ஜின் ஒயர் எரிந்தது. அத்தைக்கு லேசாக இழுக்கிறது.

"அடுத்து எந்தக் கடை?" என்றார் அத்தை.

"பிரிட்ஜ் கடை."

"நானும் வரேன். இழுக்கிறது அங்கேயே இழுக்கட்டும். அவங்களும் பாக்கட்டும்."

செருப்பை மாட்டிக்கொண்டு அத்தை சாமான்காரரின் வண்டியில் ஏறிவிட்டார். முன்சீட்டில் எனக்கு இடம் விடவில்லை. பின்னால், பிரிட்ஜோடுதான் போக வேண்டும்.