பேஜில் எழுதி அழித்தது

பள்ளிபாளையம்

அன்பு மகள் ஜெர்லினுக்கு, ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், சென்னையில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன், சோற்று நேரத்தில் உங்கள் வெள்ள எச்சரிக்கைப் பேஜில் பதில் போட்டுக்கொண்டிருந்தாய், எங்கே சாப்பிட்டிருப்பாய். எழுதுவது நீதான் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் பொதுமக்கள் எச்சரிக்கையுடன் இருக்கவும் என்பார்கள், நீதான் ரேஷன் கார்டையும் மாத்திரையையும் ஒரே பையில் போட்டு வாசக்கிட்ட வையுங்க என்பாய். ஆடிக்கு ஆடி ஆற்றில் தண்ணீர் ஏறும்போது வீட்டில் நான் கத்துவது அது. அதற்கு ஊரே இதயம் போடுகிறது. எனக்கு வயிறு எரிகிறது கண்ணு, சொல்லிவிட்டேன்.

போன வாரம் மேட்டூரில் தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டதில் நம் தெருக் கீழ்முனையில் முழங்கால் தண்ணீர். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் நீ உடனே பதில் சொல்கிறாய், நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அப்படியே கிடந்தது. சாயங்காலம் உன் போன் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். நீ என்ன சொன்னாய், கீழ்முனை சின்னாயி அக்கா போன எடுக்கலையாம்மா, திருப்பூர்ல இருந்து அவங்க பையன் பேஜ்ல கேட்டிருக்காரு, கொஞ்சம் போய்ப் பாருங்க என்றாய், வைத்துவிட்டாய். நம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை. வாசற்படியோடு நின்றது, நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நானும் அப்பாவும் போனோம். சின்னாயி ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள், போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். ஏனுங்க்கா, உங்க புள்ளைக்கு எம்மேல எத்தன அக்கறைங்க என்று அழுதாள். எனக்கு அவள்மேல்தான் பொறாமை வந்தது. அவளைக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டு உனக்குச் செய்தி அனுப்பினேன், அதை மட்டும் உடனே பார்த்தாய். நமது தன்னார்வலர் மீட்டுவிட்டார் என்று பேஜில் போட்டாய். தன்னார்வலராம். பெற்றவள் என்று போட்டால் குறைந்தா போய்விடுவாய்.

அந்த ஆத்திரத்தில் மண்டபத்தில் உட்கார்ந்தே நானும் பேஜில் எழுதினேன், பள்ளிபாளையத்தில் இன்பமேரி என்று ஒருத்தி இருக்கிறாள், அவளையும் யாராவது விசாரியுங்கள் என்று. போட்ட கையோடு எனக்குக் கீழே ஒருவர், பரமத்தி வேலூர்ப் பக்கம், கைக்குழந்தையோடு மொட்டை மாடியில் நிற்கிறோம் என்று எழுதினார். நீ மேலிருந்து வரிசையாகப் பதில் சொல்லி வந்தாய். அவருக்கு முன்னால் நான் நின்றேன். அழித்துவிட்டேன். உடனே அவருக்கு நீ பதில் சொன்னதைப் பார்த்தேன். அதனால்தான் இதைத் தபாலில் எழுதுகிறேன், இங்கே எனக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லை.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். ஊருக்குச் சொல்கிற மாத்திரைப் பையை நீயும் வைத்துக்கொள். வேலை குறைந்ததும் போன் பண்ணு சாமி, யாரையும் போய்ப் பார்க்கச் சொல்லாமல் பேசு.

உன் அம்மா,
இன்பமேரி