இங்கே இருண்ட திரை

கிட்வே,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கபெம்ப்வாவுக்கு,

அம்மா எழுதுவது. போலந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. இதைக் கையால் எழுதித் தபாலில் போடுகிறேன், மூன்று வாரம் ஆனாலும் ஆகட்டும். மடிக்கணினியில் எழுதினால் நான் முடிப்பதற்குள் நீ படித்துவிடுவாய்.

போன ஞாயிறு நீ அங்கிருந்தபடியே என் கணினிக்குள் நுழைந்து, மின்வெட்டில் பேட்டரி தாங்க வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் திரை தூங்கும்படி மாற்றி வைத்தாய். மறுநாள் நூலக வேலை முடிந்து வந்து திறந்தால் விழித்த சத்தம் கேட்கிறது, விசைகளில் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கரி. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன், மூடித் திறந்தேன், அணைத்துப் போட்டேன், கரிதான். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும், கடைசி இரண்டு அத்தியாயத்துக்கு வேறு நகல் இல்லை, அது என் தப்புதான். உன்னைக் கூப்பிட்டால், "நீதான் டீயக் கொட்டியிருப்ப, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டா சரியாயிடும்" என்றாய். நகல் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதோடு விட்டாயா, என் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாய். செவ்வாய் காலை கணினியைப் பழுதுக்கு எடுத்துப்போக உன் மாமா வந்து நின்றார். நான் நம் வழக்கப்படி முழங்காலிட்டுத் தண்ணீர் கொடுக்கிறேன், அவர் என் சார்ஜரைச் சுருட்டிக்கொண்டே, "உனக்கெதுக்கும்மா இந்த வயசுல படிப்பு, மெஷினே பயந்து கண்ண மூடிக்கிச்சு பாரு" என்று சிரிக்கிறார். எனக்கு முப்பத்தேழு வயது, கபெம்ப்வா. அண்ணன் கையில் இருப்பதைத் தங்கை பிடுங்க முடியாது என்று உனக்குத் தெரியும், தெரிந்துதான் அவரை அனுப்பினாய்.

மாலை சந்தைக்கு ஓடினேன். மாமா கணினியைக் கொடுத்துவிட்டுப் போன பழுதுக்கடையில் நசிலேலே அதைத் தொடாமல் வைத்திருந்தாள். "அழிச்சிடுன்னுதான் உங்க அண்ணன் சொன்னாரு அக்கா, உடையவங்க வாயால கேக்காம நான் எதையும் அழிக்கமாட்டேன்" என்றாள். அவள் கைகளை முத்தமிடலாம் போலிருந்தது. செல்போன் விளக்கைத் திரைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள், மங்கலாகக்கூடப் படம் தெரியவில்லை. வேறொரு திரையைக் கொண்டுவந்து செருகினாள், அதில் பளிச்சென்று வந்தது. அந்தத் திரையைப் பார்த்து அமைப்புகளைத் திறந்தவள் சிரித்தாள். "திரைக்கு ஒண்ணும் ஆகல. உள்ள ஒரு பொய்த்திரை போட்டு வெச்சிருக்காங்க, தூங்கி எழுந்ததும் படம் அதுக்குப் போயிடுது. இங்க இருட்டு, தூரத்துல உக்காந்திருக்கிறவருக்கு வெளிச்சம். யாரு அக்கா, புருஷனா?" மகன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பொய்த்திரையை எடுத்துவிட்டு, இந்தத் திரையில் மட்டும் காட்டு என்று மாற்றினாள், அவ்வளவுதான் வேலை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கும் முன், "நாலாவது அத்தியாயத்தக் கொஞ்சம் சுருக்கும்மா" என்றாய். அவசரத்தில் நானும் சரி என்றேன். அந்த அத்தியாயத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. கர்ப்பமானதும் பள்ளியை விட்ட பதினோரு பெண்களின் கதைகள் அதில் இருக்கின்றன, பதினோராவது பெண் நான். உன் அப்பா யார், ஏன் போனார் என்று உனக்குச் சொல்ல இருபது வருடமாக வார்த்தை தேடினேன். நீ வந்ததும் எதிரில் உட்காரவைத்து, சோளமாவில் ஷீமா களி கிண்டிக் கொடுத்துச் சொல்ல நினைத்திருந்தேன். நீ பூட்டைத் திறந்து எடுத்துக்கொண்டாய், போதாததற்கு நீளம் என்று குறையும் சொன்னாய். பிறகு அழித்துவிடு என்றும் சொன்னாய். அது பயத்தினாலா, அலட்சியத்தினாலா என்று யோசித்து யோசித்து இன்னும் எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஏட்டைக் கொடுத்துவிட்டேன். ஒரு வரி சுருக்கவில்லை. உன் நுழைவுச் சொல்லையும் மாற்றிவிட்டேன், இனி என் கணினிக்குள் வர வேண்டுமென்றால் கூப்பிட்டுக் கேள். மாமாவுக்குப் போன் செய்து கோளாறு உன்னால் வந்தது என்று உன் வாயாலேயே சொல், நான் சொல்லமாட்டேன்.

நான்காம் அத்தியாயத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து படி, இந்த முறை நான் கொடுத்துப் படிக்கிறாய். கடைசிப் பக்கத்தில் நீ பிறக்கிறாய், அதைத் தாண்டிப் போய்விடாதே. கடவுள் உன்னைக் காக்கட்டும். கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே.

கோபம் தீராத உன் அம்மா,
முலெங்கா